தேசிய சுகாதாரச் சேவையை நாடாளுமன்றக் குழுக்கள் கேள்வி கேட்பதால் உண்மையில் என்ன மாறுகிறது?

வாசற்படி (கேள்வி):

பொது நிர்வாகம் பயில்கிறேன். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் பணியாளர் நிலை பற்றி, மக்களவையின் சுகாதார மற்றும் சமூகப் பராமரிப்புக் குழு 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையை ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் மட்டும் 12,000 மருத்துவமனை மருத்துவர்களும், செவிலியரும் பேறுகாலச் செவிலியருமாக 50,000 பேருக்கு மேலும் குறைவாக இருப்பதாக ஓர் ஆய்வை அது எடுத்துக்காட்டுகிறது. இத்தகைய அறிக்கைக்கு இரண்டு மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அந்தப் பதில் மறுப்பாக இருந்தால் குழு மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது போலிருக்கிறது. அரசின் செலவு மதிப்பீடுகளையும் மக்களவை பெரும்பாலும் வந்தபடியே நிறைவேற்றிவிடுகிறது. ஒதுக்கீட்டைக் கூட்டும் அதிகாரம் உறுப்பினர்களுக்கு இல்லை. அப்படியென்றால் இந்தக் கண்காணிப்பு பல் பிடுங்கிய பாம்புதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை (மறுமொழி):

இங்கே இரண்டு குழுக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாங்கள் படிப்பது, 1979-இல் உருவான துறைவாரிக் குழுக்களின் வழியில் வந்த ஒன்று, அமைச்சரை அழைத்து "இந்தக் கொள்கை ஏன்?" என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. பொதுக் கணக்குக் குழு அதைவிடப் பழையது, 1861-இல் அமைக்கப்பட்டது. அது கொள்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போவதில்லை. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, துறைச் செயலாளரையும் சுகாதாரச் சேவையின் தலைமை நிர்வாகியையும் எதிரில் உட்காரவைத்து, பணம் எங்கே போயிற்று என்று கேட்கும். அதிகாரி "அது அமைச்சரின் முடிவு" என்று சொல்லித் தப்ப முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். கணக்குக்குப் பொறுப்பு அவர் பெயரில் இருக்கிறது.

அந்த அமர்வுகளை ஒருமுறையாவது ஒளிபரப்பில் பார்த்துவிடுங்கள். லாட வடிவ மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் அமர்ந்திருப்பார்கள். திறந்த முனையில் சாட்சிகள். ஒரு தொகையைக் குறிப்பிட்டுக் கேட்டவுடன் அதிகாரி பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு "எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்" என்பார். பார்ப்பவருக்கு அது நழுவலாகத் தோன்றும். ஆனால் அந்தக் கடிதம் பொதுவாகக் குழுவின் இணையப் பக்கத்தில் வெளியாகிவிடும். என் அனுபவத்தில் அறிக்கையைவிடக் கடிதங்களில்தான் சரக்கு அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு: 2014-15 முதல் 2018-19 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில், கட்டடங்களுக்கும் கருவிகளுக்குமான மூலதன ஒதுக்கீட்டிலிருந்து 430 கோடி பவுண்டு அன்றாடச் செலவுக்கு மாற்றப்பட்டதைத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டுக் காட்டியது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் செலவு வரம்புக்குள்தான் இருந்தது. ஒழுகும் கூரையைச் சரிசெய்வதற்கான பணத்தில் சம்பளம் கொடுக்கப்பட்டது என்பது தலைப்புத் தலைப்பாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இத்தகைய மாற்றத்தை எந்த அவை விவாதமும் வெளிக்கொண்டு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுகாதாரச் சேவைக்காக 2002-இல் தொடங்கிய தேசியத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைப் பற்றிப் பொதுக் கணக்குக் குழு 2007, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை தந்தது. திட்டத்தைக் கலைக்கும் முடிவு 2011-இல்தான் வந்தது. 2013-இல் குழு மீண்டும் பார்த்தபோது அதன் மொத்தச் செலவு 980 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு முன்னால் இருந்தது. குழு எச்சரித்தும் பணம் கரைந்துகொண்டுதான் இருந்தது.

இரவுப்பணி (மறுமொழி):

நான் அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். பணியாளர் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். குழுக்களே இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுகின்றன.

காலியிடம் என்று வெளியிடப்படும் எண், நிதி ஒதுக்கப்பட்ட பணியிடங்களிலிருந்து நிரந்தரமாகவோ குறித்த கால ஒப்பந்தத்திலோ இருப்பவர்களைக் கழித்து வருவது. ஆகவே, அந்த இடத்தில் தினமும் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்து வேலை செய்தாலும் அது காலியிடம்தான். மாறாக, நிதி நெருக்கடியில் நிர்வாகம் அந்தப் பணியிடத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், வார்டில் ஒருவர்கூடக் கூடாமலேயே காலியிட எண்ணிக்கை குறைந்துவிடும். நான் இருந்த வார்டில் இதுதான் நடந்தது. இரவுப் பணிக்கு நால்வர் என்றிருந்த அட்டவணை மூவர் என்று திருத்தி எழுதப்பட்டது. அடுத்த மாதச் சுவரொட்டியில் "காலியிடம் இல்லை" என்று பச்சை வட்டம் போட்டிருந்தார்கள். மூன்று பேர் நின்று அதைப் பார்த்துச் சிரித்தோம், வேறென்ன செய்வது!

ஆகவே "காலியிடம் எத்தனை?" என்பதோடு நிறுத்தும் உறுப்பினர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். "அனுமதிக்கப்பட்ட இடங்கள் சென்ற ஆண்டு எத்தனை, இந்த ஆண்டு எத்தனை, தற்காலிகப் பணியாளருக்குச் செலவு எவ்வளவு?" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் பதில் சொல்பவரின் குரல் மாறும்.

நிலைக்குழு வாசகன் (மறுமொழி):

இந்தியாவில் உள்ள ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தங்கள் கட்டுரைக்குப் பயன்படலாம். இங்கே துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தன. சுகாதாரம் மற்றும் குடும்ப நலக் குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் இயங்குகிறது. இரு அவைகளிலிருந்தும் 31 பேர், அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. பல துறைகளின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவு ஒதுக்கீட்டுக் கோரிக்கைகள், அவையில் விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுவதால், குழு அறையில் நடக்கும் ஆய்வே பல ஆண்டுகளில் ஒரே ஆய்வாகிவிடுகிறது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு.

ஆனாலும் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். மருத்துவக் கல்வியை அப்போது ஒழுங்குபடுத்திவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாடு பற்றி இக்குழு 2016 மார்ச்சில் தந்த 92-ஆவது அறிக்கை, கவுன்சில் தன் வேலையைச் செய்யத் தவறிவிட்டது என்று ஒளிவுமறைவின்றி எழுதியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-இல், கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையத்தை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அறிக்கை மட்டுமே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் அந்த விவாதத்தில் அதை எடுத்துக்காட்டாமல் யாராலும் பேச முடியவில்லை.

வாசற்படி:

அனைவருக்கும் நன்றி. காலியிடக் கணக்கு எனக்குப் புதிய செய்தி. ஒரு துணைக் கேள்வி: 2022 அறிக்கை வந்தபோது குழுத் தலைவராக இருந்த ஜெரமி ஹன்ட்டே பிறகு நிதியமைச்சரானார் அல்லவா? சுகாதாரச் சேவைக்கான நீண்ட காலப் பணியாளர் திட்டம் பின்னர் வந்தது குழுவின் வெற்றியா, அவர் பதவி மாறியதன் விளைவா?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி, இரண்டையும் பிரிப்பது கடினம். தேவைப்படும் பணியாளர் எண்ணிக்கையைக் கணித்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று, 2022-இல் சட்டமான சுகாதார மசோதாவில் திருத்தம் கோரித் தோற்றவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் நிதியமைச்சரானார். நவம்பரிலேயே, சுயேச்சையாகச் சரிபார்க்கப்பட்ட கணிப்புகளுடன் திட்டம் வரும் என்று அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று அது வெளியானது. குழு எழுதி வைத்திருந்த கோரிக்கை தயாராக இருந்தது உண்மை. ஆனால் பணப்பெட்டியின் சாவி கைக்கு வந்த பிறகுதான் பூட்டு திறந்தது. 2012 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராக இருந்தவரும் அவரே என்பதைத் தாங்கள் கட்டுரையில் விட்டுவிடக் கூடாது. பற்றாக்குறை ஒரே நாளில் முளைத்ததன்று.

கதை அதோடு முடியவுமில்லை. 2024 மார்ச்சில் தணிக்கை அலுவலகம் அந்தத் திட்டத்தின் கணிப்பு முறையைப் பிரித்துப் பார்த்தது. 2036-37 வரை மருத்துவமனை மூத்த மருத்துவர்கள் 49 விழுக்காடு கூட, முழுத் தகுதி பெற்ற குடும்ப மருத்துவர்கள் 4 விழுக்காடு மட்டுமே கூடுவார்கள் என்பது அப்போது பொதுவெளிக்கு வந்தது. மருத்துவமனைக்கு வெளியே சிகிச்சையை நகர்த்துவோம் என்று சொல்லும் கொள்கைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2022 அறிக்கையை முடித்ததும், அதே மாதம் அக்குழுவின் வல்லுநர் குழு அரசின் பணியாளர் வாக்குறுதிகளை மதிப்பிட்டுப் "போதாது" என்று தரம் தந்த ஆவணத்தைப் படியுங்கள். பிறகு அரசின் பதிலைத் திறந்து, "கொள்கையளவில் ஏற்கிறோம்" என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள்.