புதுப்பிப்பு: ஒட்டிய மரத்தளத்தில் வெற்றொலி, காரணம் கிடைத்தது

கான்கிரீட் மேல் ஒட்டிய 14 மி.மீ. என்ஜினியர்டு மரப்பலகைகள் (பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை) சில இடங்களில் தட்டினால் 'டொக் டொக்' என்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். அந்தப் பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தாயிற்று.

பல் கரண்டி (பல் வெட்டிய பசைக் கரண்டி) தளத்தில் விட்டுச்சென்ற பசைக் கோடுகளே காரணத்தைச் சொல்லிவிடும். நசுங்காமல் நின்றால் அங்கே தளம் பள்ளம். பலகை பசையைத் தொடவே இல்லை. நசுங்கியும் பலகையின் அடியில் பசை ஏறவில்லை என்றால், பலகை வைக்கும் முன்பே பசைமேல் ஏடு கட்டியிருக்கிறது. சிமெண்ட் தூளோடு பெயர்ந்து வந்தால் தளத்தின் மேல்பூச்சு பலவீனம். கிரைண்டர் போட்டு எடுக்க வேண்டும். இங்கே இருந்தவை முதல் இரண்டும்.

பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். அதனால் சென்னை மழைக்காலத்தில் ஏடு சீக்கிரம் கட்டும்; பலகை வைக்க டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கைக்கு எட்டும் இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் பரப்புங்கள். பல் கரண்டியை 45 டிகிரி சாய்வில் பிடியுங்கள். பல் தேய்ந்தால் கோடு தாழ்ந்துவிடும், மாற்றிவிடுங்கள். நடுநடுவே ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்கள்: அடியில் 95 சதவீதமாவது பசை ஒட்டியிருக்க வேண்டும்.

பள்ளத்தைக் கூடுதல் பசையால் நிரப்பவே கூடாது. 3 மீட்டர் மட்டக்கோலின் கீழ் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் செல்ஃப் லெவலிங் கலவை (தானே பரவி மட்டமாகும் சிமெண்ட் கலவை) ஊற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். சுவரோரம் 10–12 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

சிறிய வெற்றிடத்துக்குப் பெயர்ப்பு தேவையில்லை. பலகை இணைப்பில் 2 மி.மீ. துளையிட்டு, பழுதுநீக்கும் பசையை ஊசியால் செலுத்தி, இரவு முழுக்கக் கனம் வைத்தால் போதும். மேலே கசிவதை உடனே துடைத்துவிடுங்கள். இறுகினால் பாலிஷோடுதான் வரும்.