டிரிஃப்ட்வுட் கிடக்கும் செடி வளர்க்கும் மீன்தொட்டியில் கார்பன் வைக்கலாமா?

பெரம்பூர்த் தொட்டிக்காரன்:
வணக்கம். என்னுடையது இரண்டடி மீன்தொட்டி, ஏறக்குறைய 55 லிட்டர். செடிகள் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கொஞ்சம் வாலிஸ்னேரியா; மீன்கள் பன்னிரண்டு நியான் டெட்ரா. போன மாதம் கொளத்தூரில் மான்கொம்பு போல் கிளைத்த ஒரு டிரிஃப்ட்வுட்டை (தொட்டிக்குள் அழகுக்கு வைக்கும் மரக்கட்டை) பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். அண்டாவில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று திருப்பித் திருப்பி இரண்டு முறை வேகவைத்தேன். (அந்த அண்டாவில் இனிச் சமையல் கிடையாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.) தொட்டியில் இறக்கிய நான்காம் நாளே தண்ணீர் பால் ஊற்றாத டீ போல் ஆகிவிட்டது.

கடைக்காரர் ஒரு கார்பன் பையை (நுண்துளைக் கரி நிரப்பிய பை) கொடுத்து, "ஃபில்டரில் போடுங்கள், பளிங்காகிவிடும்" என்றார். நண்பரோ, செடிக்கு விடும் உரத்தையெல்லாம் கார்பன் குடித்துவிடும் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். வாரம் ஒருமுறை திரவ உரம் விடுகிறேன். யார் பேச்சைக் கேட்பது?

பழைய பாசி:
தம்பி, கடைக்காரர் சொன்னது முக்கால் சரி, நண்பர் சொன்னது கால் சரி. கட்டையிலிருந்து கசிவது டானின். டீயிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே துவர்ப்புச் சரக்கு. அதைப் பிடிப்பதில் கார்பன் கெட்டிக்காரன். ஒரு கிராம் கார்பனின் நுண்துளைப் பரப்பை விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர், கால் ஏக்கர் நிலம் வரும். ஆனால் நைட்ரேட், பொட்டாசியம் போன்றவை அந்தக் கால் ஏக்கரில் அவ்வளவாகத் தங்காது. உரத்தில் பிணைத்துத் தரும் இரும்பும் சில நுண்சத்துகளும் கொஞ்சம் போகும். உரம் விடும் அன்று பையை எடுத்துவிட்டு மறுநாள் வையுங்கள், தீர்ந்தது.

முதலில் குழாயடியில் கருந்தண்ணீர் வருவது நிற்கும் வரை பையை அலசுங்கள். ஸ்பாஞ்சுக்கு அடுத்து வையுங்கள். முன்னால் வைத்தால் அழுக்கு ஏறித் துளை தூர்ந்துவிடும். சில வாரங்களில் நிரம்பிவிடும். புதுக் கட்டை என்றால் அதற்கு முன்பே.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஒருமுறை இரவில் மருந்து விட்டேன். விடிந்து பார்த்தால் நீல நிறமே காணோம். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன்! கார்பன் பை உள்ளேயே கிடந்தது நினைவுக்கு வர மூன்று நாளாயிற்று. அதற்குள் நான்கு மீன் போய்விட்டது.

கறைத்தண்ணீர்:
கறையை எடுத்தே ஆக வேண்டுமா என்று நான் கேட்பேன். கார்டினல் டெட்ராவின் ஊரான ரியோ நீக்ரோ ஆற்றுக்கே கருப்பு என்றுதான் பெயர்; காரணம் இதே கறை. உங்கள் நியானும் அதன் நெருங்கிய உறவுதான். ஜாவா ஃபெர்னும் அனுபியாசும் மங்கிய வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியா மட்டும் சுணங்கலாம். கறையால் பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்துவிடுமோ என்ற பயம் போர்வெல் தண்ணீர்க்காரர்களுக்குப் பெரிதாக வேண்டாம். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மையே தாங்கிக்கொள்ளும். கட்டையில் வெள்ளையாக வழுவழுப்பு படர்ந்தாலும் பதற வேண்டாம், நத்தைகள் மேய்ந்துவிடும்.

பெரம்பூர்த் தொட்டிக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பழைய பாசி அண்ணன் சொன்னபடி பையை வைத்தேன், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மாற்றினேன். தொட்டித் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் எடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல் நாள் கோப்பையின் அடி மங்கலாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் அடியில் இருந்த மயிரிழை விரிசல் வரை தெரிந்தது. ஆனால் அவ்வளவு தெளிவில் நியான்கள் வெளிறிப்போய்ச் செடிக்குப் பின்னால் ஒதுங்கின. பையை எடுத்துவிட்டேன். இப்போது இலேசான தேன் நிறம். அவற்றின் நீலக்கோடு அதில்தான் எடுப்பாக இருக்கிறது.

அண்டா மொட்டைமாடியில் இருக்கிறது. அடுத்த கட்டை ஊறுகிறது.