‘பட்டன் கத்தி’யா, ‘விசைக்கத்தி’யா? ‘தெறிகத்தி’ என்றொரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பொத்தானை அழுத்தியதும் அலகு (வெட்டும் தகடு) தானாக வெளிவரும் கத்தியைக் குறிக்கும் ஸ்விட்ச்பிளேடு என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘பட்டன் கத்தி’ போதும் என்று ஒருவரும், ‘விசைக்கத்தி’ வேண்டும் என்று மற்றொருவரும் எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சட்டப் பிரிவு ஒன்றை மொழிபெயர்க்கும்போது, ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்தது குற்றமா இல்லையா என்பதையே முடிவுசெய்யும் இடத்தில் இச்சொல் வந்து நிற்கும். ஆகவே கருவி இயங்கும் விதத்திலிருந்து தொடங்குவதே முறை.

பக்கவாட்டில் திறக்கும் வகையை முதலில் எடுத்துக்கொள்வோம். மடக்கிய நிலையில் அலகு பிடிக்குள் அடங்கியிருக்க, பட்டையாகவோ சுருளாகவோ அமைந்த வில் (ஸ்பிரிங்) ஒன்று அலகின் அடிப்பகுதியை எந்நேரமும் வெளிப்புறமாக நெருக்கிக்கொண்டே இருக்கும். பொத்தானோடு சேர்ந்த சிறு தண்டு, அலகின் அடியில் வெட்டப்பட்ட பள்ளத்தில் புகுந்து அதைத் தடுத்து நிற்கும். பொத்தானை அழுத்தியதும் தண்டு விலகும். அலகு ஆணியைச் சுற்றி அரைவட்டமாகப் பாய்ந்து விரியும். விரிந்து முடிந்ததும் அதே தண்டு இரண்டாவது பள்ளத்தில் விழுந்து அலகைப் பூட்டும். மழைக்காலத்தில் நாம் பிடிக்கும் பட்டன் குடையும் ஏறக்குறைய இப்படித்தான். விரிப்பது வில்லின் வேலை, மடக்குவது நம் கையின் வேலை. மடக்கும்போது உள்ளங்கையில் உணர்கிற அந்த எதிர்ப்புதான் அடுத்த முறைக்கான சேமிப்பு.

பிடியின் முனையிலிருந்து நேராக வெளியே பாயும் வகை வேறு. அதில் ஒரே நழுவு பொத்தானை முன்னும் பின்னும் தள்ளி அலகை வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் முடிகிற அமைப்பு ஒன்று உண்டு. அந்த அமைப்பில், ஓய்வு நிலையில் வில் முறுக்கேறி இருப்பதில்லை. கட்டைவிரல் பொத்தானைத் தள்ளும்போதுதான் வில் இழுபடுகிறது. போதிய அளவு இழுபட்டதும் தாழ் விடுபட, அலகு பாய்கிறது. வழியில் எதிலாவது தட்டினால் பூட்டை எட்டாமல் நடுவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. எனவே ‘முன்கூட்டி அடைத்துவைத்த விசையால் திறப்பது’ என்று வரையறுத்தால், இவ்வகை முழுவதும் வரையறைக்கு வெளியே போய்விடும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், பிடியில் உள்ள பொத்தானையோ வேறு அமைப்பையோ கையால் அழுத்தியதும் தானாகத் திறக்கும் கத்தியையும், நிலைமத்தாலோ (உதறும் வேகத்தாலோ) புவியீர்ப்பாலோ தானாகத் திறக்கும் கத்தியையும் ஒரே பெயருக்குள் அடக்கி, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் அவற்றைத் தடுத்தது. ஒரு கையை இழந்தவர் மூன்று அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள கத்தியை உடன் கொண்டுசெல்ல அதிலேயே விலக்கு உண்டு. ஒற்றைக் கையால் சாதாரண மடக்குக் கத்தியைத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை யாரோ அக்கறையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன் 1959இல் இதையொட்டிய வரையறையோடு தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது.

சிக்கல் பிற்காலத்தில் எழுந்தது. அலகைக் கையால் சிறிது தள்ளித் தொடங்கிவைத்தால் மீதியை வில் முடித்துவைக்கும் கத்திகள் சந்தைக்கு வந்தன. மடங்கிய நிலையிலேயே இருக்க முனைகிற, அலகின் மீதே கையின் விசையைச் செலுத்தித் திறக்கவேண்டிய கத்திகளுக்கு அமெரிக்கா 2009இல் விலக்கு அளித்தது. பிரிட்டனோ 2019இல் எதிர்த்திசையில் சென்றது: பொத்தான் ‘பிடியில்’ இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டு, கத்தியில் எங்கே இருந்தாலும் போதும் என்று வரையறையை விரித்ததோடு, வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. ஒரே கருவி ஓரிடத்தில் உள்ளே, மற்றோரிடத்தில் வெளியே. இந்நிலையில் பொத்தானையும் அதன் இடத்தையும் பெயரிலேயே பூட்டிவைத்தால், பெயர் ஒரு நாட்டின் சட்டத்துக்குச் சார்பாகிவிடும். ‘பட்டன் கத்தி’ மீது எனக்குள்ள தடை இதுவே. பேச்சு வழக்கிலிருந்து அதை விரட்டவேண்டும் என்பதல்ல. கத்திகளைக் கட்டுப்படுத்தும் டெல்லியின் 1980ஆம் ஆண்டு அறிவிக்கைகூட ‘பட்டன்தார்’ (பொத்தான் உள்ளது) என்ற மக்கள் வழக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் அதை மட்டும் நம்பாமல், வில்லால் இயங்குவன, பிற இயந்திர அமைப்பால் திறப்பன என்று அடுக்கி, 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று அளவையும் சேர்த்தே எழுதவேண்டியிருந்தது.

‘விசைக்கத்தி’ என்றால், விசைத்தறி, விசைப்படகு என்று பழகிய காதுக்கு மின்சாரத்தாலோ இயந்திரத்தாலோ ஓடும் கத்தி என்றே படும். ‘வில்கத்தி’யை நானே ஒருகாலம் விரும்பினேன், வில்வண்டியில் வருவது போல, ஸ்பிரிங்குக்கு வில் என்ற சொல் நம்மிடம் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் ஈழ வழக்கில் வில்லுக்கத்தி என்பது சாதாரண மடக்குக் கத்தி. அதுவும் சரியே, ஏனெனில் மடக்குக் கத்தியின் முதுகிலும் அலகைப் பிடித்துவைக்கும் பட்டைவில் உண்டு. ‘சுண்டுகத்தி’ என்றால் சுண்டுவிரலும் சுண்டெலியும் நினைவுக்கு வந்து, சிறிய கத்தி என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும்.

என் முன்மொழிவு ‘தெறிகத்தி’. விரலால் தெறிப்பது, நாண் தெறிப்பது, பொறி தெறிப்பது என எல்லாவற்றிலும் அடங்கியிருந்த ஒன்று சட்டென விடுபட்டுப் பாய்கிறது. மானின் துள்ளலைச் சங்கப் பாடல்கள் தெறிநடை என்றன. ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை. ஆகவே வல்லினம் மிகாது. ஜெர்மானியர் இதை ‘ஷ்பிரிங்மெஸ்ஸர்’ என்பதில் வருவது ஸ்பிரிங் என்னும் உறுப்பல்ல, பாய்தல் என்னும் வினை. உறுப்புக்கு அவர்களிடம் ‘ஃபேடர்’ என்ற வேறு சொல் இருக்கிறது. இத்தாலியரின் ‘ஸ்கத்தோ’வும் சட்டென்று விடுபடுதலையே குறிக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யாழ்ப்பாண வழக்கில் தெறி என்பது சட்டைப் பொத்தான். அங்குள்ள நண்பர் ‘தெறிக்கத்தி’ என்று எழுதினால் அது பெயர்த்தொகையாகி, மீண்டும் பட்டன் கத்தியாகவே முடியும். எனவே ஒற்று இல்லாத வடிவத்தைச் சொற்பதிவில் அழுத்தமாகக் குறிக்கவேண்டும்.

கூடவே இரு துணைச்சொற்களும் தேவைப்படும். கையால் தொடங்கி வில் முடிப்பதற்குத் ‘துணைவில் கத்தி’ என்று வைக்கலாம். புவியீர்ப்பால் திறப்பதற்கு ஜெர்மானியரின் ‘ஃபால்மெஸ்ஸர்’ போல ‘விழுகத்தி’ என்று எண்ணினேன்; ஆனால் அது முழு நிறைவு தரவில்லை. நியூயார்க்கில், மணிக்கட்டை வேகமாக உதறினால் திறந்துகொண்டது என்பதற்காகவே, வேலைக்கு எடுத்துச்சென்ற சாதாரண மடக்குக் கத்திகளுக்குக்கூடத் தொழிலாளர்கள் கைதானார்கள். புவியீர்ப்பால் திறக்கும் கத்திகள் மீது அங்கிருந்த அந்தத் தடை 2019 மே மாதத்தில்தான் நீக்கப்பட்டது. அங்கே கத்தி விழவில்லை, உதறப்பட்டது. ‘உதறுகத்தி’ இரண்டையும் தாங்குமா என்பதை நண்பர்கள் சொல்லவேண்டும்.

சொற்பதிவுக்கான வரைவு இது. தெறிகத்தி: பொத்தான் முதலிய தூண்டல் அமைப்பைக் கையால் இயக்கியதும், பிடிக்குள் அடங்கிய அலகு வில்லின் விசையால் தானே வெளிப்பட்டு நிலைகொள்ளும் கத்தி.