தெக்கோங்கிலிருந்து வார இறுதியில் வரும் மகன்: ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு பரபரப்பு?

ஈசூன் அம்மா:
வணக்கம். என் மகன் சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையில் சேர்ந்து, புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி பெற்று வருகிறான். முகாமை விட்டு வெளியே வர முடியாத முதல் இரண்டு வாரங்கள் முடிந்துவிட்டன. இப்போது வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறான். சனிக்கிழமை நண்பகல் தாண்டியும் உறக்கம், எழுந்தால் நண்பர்கள். ஞாயிறு காலை சிராங்கூன் சாலைக் கோயிலுக்கும் அங்கிருந்து என் மாமியார் வீட்டிற்கும் அழைத்துச் சென்று திரும்பினால், புக் இன் நேரம், அதாவது முகாமுக்குத் திரும்ப வேண்டிய நேரம், நெருங்கும்போது சீருடை ஈரமாகவே இருக்கிறது, பையும் கட்டப்படவில்லை, இருவருக்கும் வாக்குவாதம். விரைவில் ஃபீல்டு கேம்ப் எனும் காட்டுப் பயிற்சி வேறு வருகிறதாம். பிள்ளைகளை அனுப்பிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய கார்ப்பரல்:
சகோதரி, எல்லாம் துணி துவைப்பதில்தான் இருக்கிறது. வெள்ளி இரவு அவன் காலணியைக் கழற்றும்போதே பை முழுவதையும் துவைக்கும் இயந்திரத்தின் முன் கொட்டச் சொல்லுங்கள். பச்சைச் சீருடைத் துணி கனமானது. வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலில் மூங்கில் கழியில் போட்டாலும், ஒரு மழை வந்துவிட்டால் அரை நாள் போய்விடும். சனிக்கிழமை காலை காயப்போடும் வீட்டில்தான் ஞாயிறு மாலை தேய்ப்புப் பெட்டியால் ஈரத்தை விரட்டும் கூத்து நடக்கும். ஃபீல்டு கேம்ப்பிற்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டி-சட்டை, உள்ளாடை, காலுறை என்று தனித்தனி ஜிப் பைகளில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். காட்டில் குளியல் என்பது பவுடர்தான் என்பதால் அதைத் தாராளமாகவே வாங்கி வையுங்கள்.

பத்தொன்பது வயது:
ஆன்ட்டி, நான் இப்போது சேவையில் இருப்பவன் என்பதால் உங்கள் மகன் சொல்லாததைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். சனிக்கிழமை அவன் உறங்குவது சோம்பலால் அன்று. விடிவதற்கு முன்பே எழுப்பப்பட்டு, நாள் முழுவதும் ஒருவர் போடும் கட்டளைக்கு ஏற்ப நகர்ந்தவனுக்கு, யாரும் எழுப்பாத ஒரு காலை தேவைப்படுகிறது. ஞாயிறு மதிய உணவு முடிந்ததுமே எங்கள் மனம், முகாமுக்குத் திரும்பப் பேருந்து ஏறும் பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்திற்குப் போய்விடும். அந்த நேரத்தில் உறவினர் வீட்டில் அமர்ந்து, "துப்பாக்கி கொடுத்துவிட்டார்களா, சாப்பாடு எப்படி" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது எங்களுக்குப் பெரும்பாடு. பையை மட்டும் அவனே கட்டட்டும். நீங்கள் கட்டிக்கொடுத்தால், படுக்கையறை ஆய்வின்போது எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவன்தான் சார்ஜண்ட் முன்னால் விழிப்பான்.

தேக்காவாசி:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். எங்கள் காலத்தில் சனிக்கிழமை மதியம்தான் வெளியே விடுவார்கள். அப்படியும் பாட்டியைப் பார்க்காமல் திரும்பியதில்லை. ஆனால் பாட்டி வீட்டிற்குப் பேரன்தான் போக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லையே? சனிக்கிழமை இரவு அவரை உங்கள் வீட்டிற்கு அழைத்துச் சோறு போடுங்கள். கோயிலையும் அன்று மாலையே முடித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முடிவெட்டுதல், நகம் வெட்டுதல், முகச்சவரம் ஆகியவற்றைத் தவிர எதையும் வைக்காதீர்கள். பயிற்சி முடிந்து வேறு படைப்பிரிவிற்குப் போன பிறகு காவல் பணியால் முழு வார இறுதியும் பறிபோகும் நிலை வரலாம் என்பதால், அவனை நம்பி முன்கூட்டியே நுழைவுச்சீட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள்.

ஈசூன் அம்மா:
அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை வர ஒப்புக்கொண்டார், மீன் குழம்பைத் தாமே வைப்பதாக நிபந்தனையும் போட்டார். இன்னொரு சந்தேகம்: முறுக்கு, அதிரசம் போன்றவற்றைக் கொடுத்தனுப்பலாமா?

பத்தொன்பது வயது:
அது முகாமில் அந்தந்த ராணுவக் கம்பெனியைப் பொறுத்தது, ஆன்ட்டி. அவனிடமே கேளுங்கள். அனுமதி உண்டு என்றால் முறுக்கு மட்டும் போதும். அதிரசத்தின் எண்ணெய் சீருடையில் பட்டால் போகாது. அறையிலுள்ள அனைவருக்கும் சேர்த்தே கட்டுங்கள், அவன் கைக்கு இரண்டுதான் மிஞ்சும்.