24 வோல்ட் ஆம்ப்புக்கு எது: அடாப்டரா, இரும்புப் பெட்டி சப்ளையா?

அங்மோகியோ_ரேடியோ:
அப்பாவுக்குச் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 கேட்க ஹாலில் ஒரு சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்கப் போகிறேன். டிபிஏ3116 சில்லு போட்ட ஸ்டீரியோ பலகை வாங்கியாச்சு. ஸ்பீக்கர் இரண்டும் 6 ஓம், பழசு, ஆனால் இன்னும் நன்றாகப் பாடுகின்றன. "24 வோல்ட் கொடுங்க" என்பதோடு கடைக்காரர் நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஒரு மடிக்கணினி அடாப்டர் சும்மா கிடக்கிறது: 19 வோல்ட், 4.74 ஆம்பியர். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில், துளையிட்ட இரும்புத் தகட்டு உறைக்குள் வரும் 24 வோல்ட் சப்ளையும் பார்த்தேன். அதற்குச் சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் 230 வோல்ட் மெயின்ஸ் வயரை நாமே திருகி மாட்ட வேண்டும். எதை எடுப்பது? வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்காங்_சால்டர்:
அடாப்டர்தான், தம்பி.

கணக்கைப் பாருங்கள். இந்தச் சில்லு பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஓட்டி, வேலை செய்கிறது. சப்ளையில் எத்தனை வோல்ட்டோ அந்த அளவுக்குத்தான் ஸ்பீக்கரில் உச்சம் ஏறும். 24 வோல்ட்டில் 6 ஓமுக்கு அதிகபட்சம் 48 வாட், 19 வோல்ட்டில் 30 வாட். எண்ணாகப் பார்த்தால் பெரிய இடைவெளி, காதுக்கு வெறும் 2 டெசிபெல். வால்யூம் குமிழை ஒரு நூல் கூடத் திருப்பினால் சரியாகிவிடும். ஹாலில் உட்கார்ந்து செய்தி கேட்க 1 வாட்டே தாராளம். உங்கள் அடாப்டர் 90 வாட் தரும்.

இன்னொன்று, இந்தச் சில்லு 26 வோல்ட் வரைக்கும்தான். என் பலகையைத் திருப்பிப் பார்த்தபோது மின்னைச் சேமிக்கும் பெரிய கண்டன்சர்களில் தாங்கும் அளவு 25 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு 24 கொடுப்பது விளிம்பில் நடக்கிற வேலை. நம் ஊர் வெக்கையில், மூடிய டிவி அலமாரிக்குள், அது சீக்கிரமே உப்பிவிடும்.

எல்லாவற்றையும் விட, 230 வோல்ட் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தாண்டி வெளியே வராது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேறு என்ன வேண்டும்?

ஈசூன்_பெட்டி:
அண்ணன் கணக்கு சரி, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அடாப்டர் என்றாலே பாதுகாப்பு என்று எழுதினால் படிக்கிறவர்கள் இணையத்தில் பத்து வெள்ளிக்கு வரும் போலியை வாங்கி மாட்டுவார்கள். இங்கே ஏசி அடாப்டர் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். டிக் குறியோடு 8 இலக்க எண் உள்ள பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அந்த எண் இல்லாததை ஹாலுக்குள்ளேயே விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு முள் பிளக் என்றால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பேனா முனையால் சாக்கெட்டின் மேல் ஓட்டையை அழுத்தி, மூடியைத் திறந்து, பிளக்கைச் செருகுகிறோம். அந்தப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது, முள்ளும் இறுக்கமாகப் பிடிக்காது. சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்தோம். பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தை அதையே கற்றுக்கொள்ளும்.

அப்புறம், தொட்டால் வரும் சுருசுருப்பு. இரண்டு முள் அடாப்டரில் மெயின்ஸ் பக்கத்துக்கும் 19 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும். அது வழியே துளி மின்சாரம் கசியும். ஆம்ப்பின் இரும்பு உறையைப் புறங்கையால் மெதுவாகத் தடவினால் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஆபத்தான அளவு இல்லைதான். ஆனால் உறையை எர்த் செய்தால் அது வரவே வராது. நல்ல நிறுவனத்தின் 24 வோல்ட், 100 வாட் சப்ளை, எர்த் திருகிய இரும்புப் பெட்டி, பின்னால் ஃபியூஸ் உள்ள சாக்கெட். நான் இப்படித்தான் செய்கிறேன்.

செங்காங்_சால்டர்:
நீங்கள் செய்வது உங்கள் கைக்குப் பொருந்தும். கேட்பவர் முதல் முறையாகச் செய்கிறார்.

என் உறவினர் ஒருவர் அதே மாதிரி சப்ளையை வாங்கி மரப்பலகை மேல் திறந்தபடி வைத்திருந்தார். மின்சாரம் வரும் லைவ் திருகுக்கு மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி எங்கோ போய்விட்டது. வயரின் ஒரே ஒரு செம்பு இழை திருகுக்குள் போகாமல், உறைக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நீட்டிக்கொண்டிருந்தது. எர்த் திருகு காலி. அந்த இழை கொஞ்சம் வளைந்திருந்தால் உறை முழுக்க 230 வோல்ட், அதை யாராவது தொடும்வரை ஒன்றும் தெரியாது. அன்றைக்கு நான் பார்த்ததால் பிளக்கைப் பிடுங்கினேன். அதிலிருந்து புதியவர்கள் யாருக்கும் இதை நான் சொல்வதில்லை.

தெம்பனிஸ்_டொராய்டு:
இரண்டுமே வேண்டாம். டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜ், 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர். ஒலியில் அமைதி வேறு.

ஈசூன்_பெட்டி:
இந்தச் சில்லுக்கு வேண்டாம். 18 வோல்ட் சுருள் போட்டால் பிரிட்ஜுக்குப் பிறகு 24 சொச்சம் வரும், சுமை இல்லாதபோது இன்னும் ஏறி 26-ஐத் தாண்டலாம். மெயின்ஸ் வயரிங்கும் அதே அளவு இருக்கிறது. அணைத்த பிறகும் அந்தக் கண்டன்சர் நிறைந்தே இருக்கும். முதல் வேலைக்கு இது சரிவராது.

பெடோக்_மின்பணி:
உரிமம் உள்ள மின்பணியாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தம்பி, முதலில் வீட்டு டிபி பெட்டியில் (மின்விநியோகப் பெட்டி) ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு பாதுகாப்பு சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் இல்லாமலும் இருக்கலாம். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் அது கட்டாயம். அது 30 மில்லிஆம்பியர் கசிவில் விழும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் ஒரு விரல் லைவிலும் இன்னொன்று நியூட்ரலிலும் பட்டால் அதற்கு எதுவும் தெரியாது. அதை நம்பித் திறந்த சப்ளையோடு விளையாடக் கூடாது.

ஈசூன் தம்பி சொன்ன வழியில் போகிறவர்களுக்கு: பிளக்கைத் திறந்து எர்த் முள் மேலே இருக்கும்படி பிடித்தால், பழுப்பு (லைவ்) வலது பக்கம், நீலம் (நியூட்ரல்) இடது பக்கம், பச்சை-மஞ்சள் (எர்த்) மேலே. எர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்துவிட்டால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 போடுங்கள். திருகுக்குள் போகும் முனையில் ஈயம் பூசாதீர்கள். ஈயம் நாளாக நாளாக நசுங்கி, திருகு தளர்ந்து, அந்த இடம் சூடேறும். வயர் முனைக்கான ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாய் மாட்டி அழுத்துங்கள். சில மாடல்களில் பக்கவாட்டில் 115, 230 என்று சுவிட்ச் இருக்கும். மின்சாரம் கொடுக்கும் முன் டார்ச் அடித்து அது 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வீட்டுக்கு எது என்று கேட்டால், முத்திரை உள்ள அடாப்டர்.

அங்மோகியோ_ரேடியோ:
எல்லாருக்கும் நன்றி. ஆர்சிசிபி இருக்கிறது, சோதனைப் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது. அடாப்டரில் டிக் குறியும் எண்ணும் இருக்கின்றன, மூன்று முள் பிளக். பலகையில் மாட்டும் முன் மீட்டரில் 19.3 வோல்ட் காட்டியது, நடு முள் பாசிட்டிவ். அப்பா நேற்று முழுக்கக் கேட்டார், அடாப்டர் கை வைக்கும் சூடுதான்.

ஒரே தொல்லை. மேசைக் கணினியை ஆம்ப்போடு இணைத்தால் "உர்ர்" என்கிறது. வானொலிப் பெட்டியை இணைத்தால் இல்லை.

ஈசூன்_பெட்டி:
மூன்று முள் அடாப்டர்கள் பலவற்றில் 19 வோல்ட்டின் நெகட்டிவ் உள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கும். கணினியும் எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ வயர் ஒரு வளையமாகிவிட்டது. என் 24 வோல்ட் சப்ளையில் நெகட்டிவ் உறையோடு சேரவில்லை, அதனால் அங்கே இந்த உறுமல் இல்லை. இதைத்தான் முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும்.

செங்காங்_சால்டர்:
அந்தப் புள்ளி உங்களுக்கு. ஆனால் அதற்காகச் சப்ளையை மாற்ற வேண்டாம். ஆடியோ வயரில் மாட்டி அந்த வளையத்தைத் துண்டிக்கும் சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், கணினிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே போடுங்கள். எர்த் முள்ளை வெட்டு, டேப் ஒட்டு என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இன்னொன்று, ஸ்பீக்கரின் இரண்டு கறுப்பு வயர்களையும் ஒன்றாகச் சேர்க்கவோ எர்த்தில் தொடவோ கூடாது. பிரிட்ஜ் முறையில் அந்த இரண்டிலும் மின்சாரம் ஓடுகிறது.

அங்மோகியோ_ரேடியோ:
சரி அண்ணே, சனிக்கிழமை வாங்குகிறேன். அதுவரை கணினி வயரைக் கழற்றி வைத்துவிட்டேன்.