மதிப்பெண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுகிறார்கள்

கேள்வி (ஆசிரியை, கடலூர் முதுநகர்):
வணக்கம். ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டலுக்குச் சிறுதேர்வு வைத்து, ஒவ்வொரு நோட்டிலும் மதிப்பெண்ணையும் அதன் கீழே நான்கு வரிக் குறிப்பையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதிய குறிப்புகளைப் பிள்ளைகள் படிக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி):
அம்மா, மதிப்பெண்ணை நோட்டில் எழுதாதீர்கள். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே, முன்னேறவில்லை. குறிப்பும் ஒரு வரி போதும். 1/2 + 1/3 = 2/5 என்று தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்ட பிள்ளைக்கு 'கவனம் தேவை' என்று எழுதுவதால் என்ன பயன்? 'அரையோடு கூட்டிய பிறகும் விடை அரையைவிடக் குறைந்தது எப்படி?' என்று கேளுங்கள். தவறு எங்கே என்று அவளே தேடுவாள்.

பதில் (ஆசிரியர், நெல்லிக்குப்பம்):
ஐயா சொல்வது முற்றிலும் சரி. ஆனால் 2012-13இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணை வகுத்தார்கள். பதிவேட்டில் எண் ஏறத்தான் வேண்டும். அதனால் நான் மறுநாள் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தைத் திருத்தி எழுதுவதற்கே விட்டுவிட்டு, அதன் பிறகே மதிப்பெண்ணைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று அப்படியே செய்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் நோட்டு ஓரத்தில் இரண்டு தோசை வரைந்து, ஒவ்வொன்றையும் ஆறு துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் பாதியான மூன்று துண்டையும் மற்றதில் மூன்றில் ஒரு பங்கான இரண்டு துண்டையும் கூட்டி, 5/6 என்று எழுதிக் காட்டினான்.