பயானில் அழுவதும் பாடுவதும் சரிதானா?

கேள்வி (கீழக்கரைவாசி):
அஸ்ஸலாமு அலைக்கும். நபிகளார் பிறந்த மாதமான ரபீஉல் அவ்வல் பிறை 1 முதல் 12 வரை எங்கள் தெருவில் மவ்லிது (நபிகளார் புகழ்ப்பாடல்) ஓதி முடித்ததும் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடக்கிறது. வருகிற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பைத் என்னும் ராகப் பாட்டுப் பாடுகிறார்கள், குரலை ஏற்றி இறக்குகிறார்கள், துஆவில் (இறைவேண்டுதலில்) தாமும் அழுது கூட்டத்தையும் அழவைக்கிறார்கள். இது மார்க்கப் பேச்சா, மேடைக் கலையா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதே ஆலிம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் அசையாமல் நின்று குத்பா (தொழுகைக்கு முந்தைய உரை) ஓதுவது ஏன்?

பெரியபட்டினத்தான்:
வ அலைக்குமுஸ்ஸலாம். குத்பா வணக்கத்தைச் சேர்ந்தது. மோதினார் (பாங்கு சொல்பவர்) அஸாவை (கைத்தடியை) இமாமிடம் கொடுப்பதும், இரண்டு குத்பாக்களுக்கு இடையே இமாம் சற்று அமர்வதும் வரையறுத்த முறைகள். ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) குத்பாவின் கட்டாயப் பகுதிகள் அரபியில் இருக்க வேண்டும் என்பதால், நம் பக்கத்தில் தமிழ் பயானை அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். குத்பாவின்போது பக்கத்தில் பேசுகிறவரை "சும்மா இரு" என்று அடக்கினாலே அது வீண்பேச்சு என்று ஹதீஸ் (நபிமொழி) உண்டு. இரவு பயானிலோ கூட்டம் வாய் திறந்தாக வேண்டும். ஆலிம் நபிகளாரின் பெயரைச் சொல்லி நிறுத்துவார், கூட்டத்திலிருந்து ஸலவாத் (நபிகளார் மீதான வாழ்த்து) எழும், அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். ஸலவாத் மெலிந்துவிட்டால், பின்வரிசை தூங்குகிறது என்று புரிந்துகொண்டு உடனே ஒரு சம்பவத்துக்குப் போய்விடுவார். இந்தக் கணக்குத் தெரியாதவர், எவ்வளவு ஓதியவராக இருந்தாலும், ஊரில் எடுபடமாட்டார்.

தொண்டி லாத்தா:
பெண்களாகிய நாங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கிறோம். முகமோ கையசைவோ தெரியாத எங்களுக்கு ஆலிம் என்றால் அந்தக் குரல்தான். யூசுஃப் நபியைச் சகோதரர்கள் கிணற்றில் போட்ட இடத்தைக் கணக்குப் புத்தகம் வாசிப்பதுபோல் சொன்னால் அடுப்படியில் இருப்பவள் காது கொடுப்பாளா? ஆனால் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கிய பிறகு, அது இருக்கும் திசை பார்த்துச் சிலர் அழுகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். அந்த அழுகை எனக்கு வேண்டாம்.

ஏர்வாடிக்காரன்:
லாத்தா, யாருடைய அழுகை முகஸ்துதி (பிறர் பார்க்கச் செய்வது) என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் ஊர்களுக்கு ராகமும் புதிதல்ல. நபிகளாரின் வரலாற்றைச் சொல்லும் 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப் புலவர் பாட ஆதரவு தந்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர்தானே. என் கவலை வேறு: கண்ணீர் வரவழைக்கும் கதைக்கே மவுசு என்றானதும், ஆதாரம் இல்லாத சம்பவங்கள் ஹதீஸ் என்ற பெயரில் உள்ளே வந்துவிடுகின்றன. குரலைப் பற்றி விவாதிப்பதை விட்டு, "இது எந்தக் கிதாபில் (நூலில்) இருக்கிறது, ஹஜ்ரத்?" என்று பயான் முடிந்ததும் அடக்கமாகக் கேட்கும்படி இளைஞர்களிடம் சொல்லுங்கள், காக்கா (அண்ணன்).